நாற்பது வருஷமா சாப்பிடறேன் சார்!

"நாற்பது வருஷமா இறால் சாப்பிடறேன். எனக்குப் போய் அலர்ஜியா?" என்று கேட்கிற ஆசாமி உங்கள் வீட்டிலும் இருப்பார். ஏன், அது நீங்களாகவேகூட இருக்கலாம். உதடு வீங்கியிருக்கும். உடம்பெல்லாம் தடிப்பு. ஆனாலும் எண்ணெய் மேல் பழி போடுவார், மசாலா மேல் பழி போடுவார். இறாலை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்!

இந்த 'நாற்பது வருஷ' வாதம் சுத்தப் பேத்தல். ஒரு பொருளை ஏற்கெனவே சந்தித்திருந்தால்தான் உடம்பு அதற்கு எதிராக ஆயுதம் தயாரிக்கும். பழகியதுதான் பகையாகும். அதற்கு வயசுக் கணக்கெல்லாம் கிடையாது. அமெரிக்காவில் நாற்பதாயிரம் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. உணவு அலர்ஜி உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ஒரு அலர்ஜியாவது பெரியவரான பிறகுதான் வந்திருக்கிறது. பட்டியலில் முதலிடம், இறால், நண்டு வகையறாவுக்கு!

"நல்லா வேகவெச்சா போயிடும்" என்பார்கள். போகாது. வில்லனின் பெயர் ட்ரோபோமயோசின். கொதிக்க வைத்தாலும் அசராத புரதம். இதன் பங்காளிகள் கரப்பான் பூச்சியிலும், மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் இருக்கிறார்கள்.

அடுத்து, நம் விருந்தோம்பல். "எனக்கு ஒத்துக்காதுங்க" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டாலும், "ஒரே ஒரு துண்டு, ஒண்ணும் ஆகாது" என்று இலையில் தள்ளுகிறோமே... அது பாசமா? போன தடவை தடிப்போடு போனது, இந்தத் தடவை தொண்டையை அடைக்கலாம். அப்போது யார் பொறுப்பு?

மாத்திரை இருக்கிறதே என்கிறீர்களா? செட்ரிசின் அரிப்புக்குக் கேட்கும். மூச்சு இரைத்தால், குரல் கம்மினால், தலைசுற்றி விழுந்தால் அது அனஃபிலாக்ஸிஸ். 1902-லேயே பெயர் வைத்துவிட்டார் சார்லஸ் ரிஷே. 1913-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். அதற்கு முதல் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை போட்டுக்கொண்டு 'பார்க்கலாம்' என்று படுப்பது உயிரோடு சூதாட்டம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதற்காக, லேசாகச் சொறிந்ததுமே தானாகப் பத்தியம் ஆரம்பிக்கவும் வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிஷத்தில் என்ன ஆனது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அலர்ஜிதான் என்று அவர் சொன்னால், இறாலுக்குக் கும்பிடு போடுங்கள்.

நாற்பது வருஷம் சாப்பிட்டாச்சு இல்லே? போதும் சார்!