நிலம் தப்பியது, உழவர் தப்பினாரா?

நகரம் வளர்ந்தால் வயல் சுருங்கும். இது எங்கும் கண்கூடாகக் காணும் செய்தி. புதிய சாலை வந்தால் அதையொட்டிய நன்செய்யில் மனைக்கல் முளைக்கும். இரண்டு போகம் விளைந்த மண்ணில் மூன்றாவது போகமாக வீடு விளையும். இதைத் தடுக்கவே முடியாது, காலத்தின் போக்கு இது என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

தடுக்க முடியும் என்று காட்டிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள நாபா நகரம் அது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 79,246. ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம்தான். அதற்கு வடக்கே, இரு மலைத்தொடர்களுக்கு நடுவே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்குத் திராட்சைப் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. அகலமான இடத்தில்கூட 8 கிலோமீட்டரைத் தாண்டாது. யவுண்ட்வில், செயின்ட் ஹெலினா, கலிஸ்டோகா என்ற சிற்றூர்கள் அதற்குள் அடங்கியுள்ளன. ஊர் முடிகிற இடத்தில் கொடி வரிசை தொடங்குகிறது. கவுண்டி முழுவதும், அதாவது மாவட்டம் போன்ற அந்த வட்டாரம் முழுவதும், சுமார் 45,000 ஏக்கரில் ஒயின் திராட்சை சாகுபடி நடக்கிறது.

ஒயின் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அதை இங்கே எடுக்க வேண்டியதில்லை. அங்குள்ள விவசாயிக்கு அது கரும்புக்குச் சர்க்கரை ஆலை போல ஒரு சந்தை, அவ்வளவே. சாகுபடி முறையும் வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பந்தலில் படர்கிறது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை கிடைக்கிறது. பழம் தின்பதற்காக விற்பனையாகிறது. நாபாவில் கொடிகள் வரிசையாகக் கம்பியில் கட்டப்படுகின்றன. குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்து கொடி உறங்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஒரே அறுவடை. அந்த ஒன்று தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிளம் தோப்பு இருந்த இடம்

நாபா தொடக்கம் முதலே செல்வம் கொழித்த பூமி அல்ல. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அதில் ஒயின் ஆலைகளில் பெரும்பாலானவை மூடிக் கிடந்தன. அதன் பிறகும் பல ஆண்டுகள் பள்ளத்தாக்கில் உலர்த்தி விற்கும் பிளம் வகையும், வால்நட்டும், மாட்டுப் பண்ணையும் திராட்சையோடு கலந்தே இருந்தன. நாபா நகரத்தில் வாழ்ந்தவர்களில் பலர் தோல் பதனிடும் ஆலையிலும், பக்கத்து வலேஹோ நகரில் இருந்த கடற்படைக் கப்பல் தளத்திலும் வேலை பார்த்தவர்கள். கைநிறையக் காசு இல்லாவிட்டாலும் உழைப்பவர் குடியிருக்கக்கூடிய ஊராக அது இருந்தது.

1960-களில் ஆபத்து வந்தது. சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சாந்தா கிளாரா என்ற பள்ளத்தாக்கு, பழத் தோப்புகளுக்குப் பேர் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே தோப்புகள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. இன்று உலகம் அதைச் சிலிகான் பள்ளத்தாக்கு என்று அறியும். அங்கே பழம் விளைந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அடுத்தது நாபாதான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்போது கவுண்டி விதிப்படி ஓர் ஏக்கர் இருந்தாலே தனி மனையாகப் பிரித்து விற்கலாம். அப்படியே விட்டிருந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் வீட்டு மனையாகியிருக்கும்.

1968-இல் போட்ட வேலி

1968 ஏப்ரல் 9-ஆம் தேதி நாபா கவுண்டி வாரியம் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளத்தாக்கின் தரைப் பகுதி விவசாயக் காப்பு நிலம் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 20 ஏக்கருக்குக் குறைவாக நிலத்தைத் துண்டாடக் கூடாது. அமெரிக்காவிலேயே இத்தகைய முதல் காப்பு நிலம் இதுதான். 1979-இல் இந்த வரம்பு 40 ஏக்கராக உயர்த்தப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமலா இருந்தது? கடுமையான எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்களில் நில உடைமையாளர்களே பலர். "என் நிலம், என் விருப்பம், வயதான காலத்தில் பாதியை விற்றுப் பிழைக்கலாம் என்றிருந்தேன், அதையும் பறிக்கிறீர்களே" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விவசாயிக்கு நிலந்தான் வங்கி. அவசரத்துக்கு விற்கக் கூடிய ஒரே பொருள். ஆதரித்தவர்கள் சொன்ன பதிலும் வலுவானது: ஒருவர் விற்றால் அவருக்கு லாபம், பக்கத்துக்காரர் எல்லாரும் விற்றால் நடுவில் எஞ்சும் விவசாயி தண்ணீருக்கும் பாதைக்கும் தவிப்பார், மருந்து அடித்தால் வீட்டுக்காரர் வழக்குப் போடுவார். ஜாக் டேவிஸ் போன்ற திராட்சை விவசாயிகளே முன்னின்று இந்த வாதத்தை வென்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் தடையாக மட்டும் நின்றிருந்தால் தோற்றிருக்கும். கைகொடுக்க இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 1965-இல் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய வில்லியம்சன் சட்டப்படி, பத்து ஆண்டுகளுக்கு விவசாயம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பந்தம் எழுதித் தருபவருக்கு, மனை விலையை வைத்து வரி போடாமல் விளைச்சல் மதிப்பை வைத்து வரி போடுவார்கள். வரிச் சுமை தாங்காமல் விற்கும் நிலை இதனால் குறைந்தது. விற்காதே என்று சொன்னவர்கள், விற்காமல் இருக்க வழியும் காட்டினார்கள்.

பிறகு ஊர் மக்களே அந்த வேலிக்குக் காவலானார்கள். விவசாய நிலத்தின் வகையை மாற்ற வேண்டுமானால் கவுண்டி வாரியம் மட்டும் முடிவு செய்யக் கூடாது, மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று 1990-இல் வாக்களித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995-இல் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2008-இல் மீண்டும் வாக்களித்து 2058 வரை அதை நீட்டித்தார்கள். பதவிக்கு வருபவர் யாராக இருந்தாலும் ஒரே இரவில் வயலை மனையாக்க முடியாது.

விலை ஏறிய கதை

வேலி போட்ட எட்டாம் ஆண்டு நாபாவின் பேர் உலகெங்கும் பரவியது. 1976 மே மாதம் பாரிஸில் நடந்த ஒரு போட்டியில், பெயரை மறைத்து வைத்துப் பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தபோது, சிவப்பு, வெள்ளை இரண்டு பிரிவிலும் பிரெஞ்சு ஒயின்களை முந்தி நாபா ஒயின்களே முதலிடம் பெற்றன. 1990-இல், புதிதாக வரும் ஆலைகள் தங்கள் திராட்சையில் 75 சதவீதத்தை நாபா கவுண்டியிலேயே வாங்க வேண்டும் என்று விதி வந்தது. வெளியூரிலிருந்து மலிவுச் சரக்கை இறக்கி நாபா பெயரில் விற்கும் வழி குறுகியது. பேருக்கு உண்டான விலை மண்ணில் விளைவித்தவருக்கும் சேர வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு இது.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2022, 2023 ஆண்டுகளில் நாபாவின் கேபர்னே சாவிஞோன் ரகத் திராட்சை டன்னுக்குச் சராசரியாக 8000 டாலருக்கு மேல் விற்றது. கலிபோர்னியா மாநிலம் முழுவதற்குமான ஒயின் திராட்சைச் சராசரியோ 1000 டாலரை ஒட்டியே இருந்தது. ஏக்கருக்கு நான்கு டன் விளைவதே பெரிது. அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டி எட்டு மடங்கு விலை பெற்றார்கள்.

அந்த ஊரில் யார் வாழ்வது?

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

விளைபொருள் விலை ஏறினால் நில விலை சும்மா இருக்குமா? நாபாவில் நல்ல திராட்சை நிலம் ஓர் ஏக்கர் பல லட்சம் டாலர். அந்த விலை கொடுத்து வாங்குபவர் உழுது பிழைக்க வருபவர் அல்லர். வேறு தொழிலில் சம்பாதித்ததை நிலத்தில் போட வருபவர், அல்லது பெரிய கம்பெனி. நிலம் துண்டாகாமல் காத்த 40 ஏக்கர் விதியே சிறியவருக்குக் கதவையும் அடைக்கிறது. ஐந்து ஏக்கர் வாங்கிப் பிழைக்கலாம் என்று வருபவருக்குப் புதிதாக ஐந்து ஏக்கர் பிரித்துத் தர முடியாது. அண்ணன் தம்பி நால்வர் இருந்தால் நிலத்தைப் பாகம் பிரிக்க முடியாது. கூட்டாக வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது முழுவதையும் விற்க வேண்டும்.

தொழிலாளர் நிலை இன்னும் மோசம். கொடி கவாத்து செய்பவர்களும் குலை அறுப்பவர்களும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். விளக்கு வெளிச்சத்தில் நடு இரவில் அறுவடை செய்து, விடியும் முன் பழத்தைக் குளிர்ச்சியாக ஆலைக்கு அனுப்புபவர்கள் அவர்கள்தான். வீட்டு வாடகை தாங்காமல் அவர்களில் பலர் பக்கத்துக் கவுண்டிகளில் குடியிருந்து தினமும் வந்து போகிறார்கள். ஊர்ச் சாலையில் காலையும் மாலையும் கார் நெரிசலுக்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டல்களில் வேலை செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் கதையும் ஏறத்தாழ இதுதான். ஊர் அழகாக இருக்கிறது. அழகாக வைத்திருப்பவர்கள் ஊரில் இல்லை.

இதற்கு ஓரளவு பரிகாரமும் கண்டார்கள், மறுப்பதற்கில்லை. 2002-இல் திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போட்டுக்கொண்டு, தொழிலாளர் விடுதிகளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். கவுண்டி நடத்தும் மூன்று விடுதிகள், ஒவ்வொன்றிலும் 60 படுக்கை. உணவும் உண்டு. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் மொத்தம் 180 படுக்கை, அதுவும் தனி ஆளுக்கு. மனைவி மக்களோடு வாழ விரும்பும் தொழிலாளிக்கு அது விடையாகாது. 1968-இல் நிலத்துக்குச் சட்டம் எழுதியபோதே அதில் உழைப்பவர் குடியிருக்கவும் இடம் ஒதுக்கியிருந்தால் இந்த அவதி குறைந்திருக்கும். ஏக்கர் பல லட்சம் டாலருக்கு உயர்ந்த பின் இடம் தேடுவது கஷ்டம்.

ஒரே பயிரின் ஆபத்து

இன்னொரு குறையும் உண்டு. பிளம், வால்நட், மாடு எல்லாம் போய்ப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பயிரானது. ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கொடிகளையே பெரும்பாலோர் நட்டிருந்தார்கள். 1980-களில் பில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி அதைத் தாக்கத் தொடங்கியது. அந்தப் பூச்சியை அது தாங்காது என்பது ஐரோப்பாவில் முன்பே தெரிந்த விஷயம். மகசூல் கூடுதல் என்ற ஆசை எச்சரிக்கையை மறைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் கொடிகளைப் பிடுங்கி எறிந்து மறுபடி நட வேண்டியதாயிற்று. நட்ட கொடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பெரியவர்கள் கடன் வாங்கித் தாங்கினார்கள். சிறியவர்களுக்கு அது பேரிடி.

2017 அக்டோபரிலும் 2020-இலும் காட்டுத்தீ வந்தது. 2020-இல் தீ தொடாத தோட்டத்திலும் புகை நாற்றம் பழத்தில் ஏறியதால், பலர் அறுவடையே செய்யவில்லை. 2024-இல் ஒயின் குடிப்போர் குறைந்து சந்தை சரிந்தது. கலிபோர்னியா முழுவதும் அந்த ஆண்டு அறுவடை இருபது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது, வாங்க ஆளில்லாமல் பழம் கொடியிலேயே கிடந்தது. எட்டு மடங்கு விலை விற்ற பயிராயினும், அது ஒன்றை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

கற்க வேண்டியது என்ன?

நாபாவைப் பார்த்து எல்லாரும் திராட்சை நட வேண்டும் என்பதில்லை. அங்கே கற்க வேண்டியது பயிரை அல்ல, வேலியை. நகரத்தின் எல்லையை விவசாயிகள் சேர்ந்து நின்றால் நிறுத்தலாம். அதற்குச் சட்டம் வேண்டும். சட்டத்தோடு வரிச் சலுகை வேண்டும். இரண்டையும் ஓர் ஆட்சி மாறியதும் மாற்ற முடியாதபடி மக்கள் வாக்கின் காவல் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த மண்ணில் கட்டடம் ஏறவில்லை.

அதே சமயம், நிலத்தைக் காப்பது வேறு, உழவரைக் காப்பது வேறு என்பதையும் நாபா காட்டுகிறது. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக வரும் என்று நினைத்தது அங்கே நடந்த தவறு. விளைநிலம் காக்க எங்கே சட்டம் பேசப்பட்டாலும், சிறு விவசாயிகள் மூன்று கேள்விகளை முதலிலேயே எழுப்ப வேண்டும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு இதில் இடம் உண்டா? கூலிக்கு வருபவர் குடியிருக்க ஊருக்குள் நிலம் உண்டா? ஒரு பயிர் போனால் இன்னொன்று கைகொடுக்குமா?

இந்தக் கேள்விகளைச் சட்டம் எழுதும்போதே கேட்டால்தான் பலன். நில விலை ஏறிய பிறகு கேட்டால், வயல் இருக்கும். வயலுக்கு உரியவர் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து கொண்டிருப்பார்.