அலுமாரிக்குள் இடம் பெறாத வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிவதற்கு அதன் பெருநூல்களே போதுமானவை என்னும் எண்ணம் பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்றும் வேரூன்றியுள்ளது. மட்டையிட்ட நூலுக்கு நூலகத்தில் தொகுப்பிலக்கம் உண்டு; நாடக நோட்டீசு, அந்தியேட்டிக் கல்வெட்டு, சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியன குப்பை. இக்கருத்தினுள்ளே ஒரு வர்க்கச் சார்பு மறைந்திருப்பதைப் பலர் உணர்வதில்லை. நூலெழுதி அச்சிடும் வசதி பெற்றோரின் குரலே நூல்களிற் பெரிதும் ஒலிக்கும். கூத்தாடியவனும் மேடைக்குத் திரை தீட்டியவனும் விட்டுச்சென்ற தடயங்கள் ஒற்றைத் தாள்களிலேயே உள்ளன.

செட்டிநாட்டுக் கோட்டையூரிலே விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பழைய நூல்களோடு சஞ்சிகைகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் எனக் கண்டவற்றையெல்லாம் அவர் சேர்த்துவைத்தார். நூலகவியல் கற்றவர்கள் செய்யாததை ஓவியக்காரர் ஒருவர் செய்தார் என்பது கவனித்தற்குரியது. அவர் 1992இல் மறைந்தார். 1994இல் அச்சேகரத்தை விலைகொடுத்து வாங்கியது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றன்று, சிக்காகோப் பல்கலைக்கழகம்! சென்னையில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தை நாடாமல் தமிழ் நாடக, சினிமா வரலாற்றை எழுதப் புகுவது இன்று அரிது.

ஈழத்திலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘அலங்கார ரூபன் நாடக’த்தையும், 1964இல் ‘என்றிக் எம்பரதோர் நாடக’த்தையும் பதிப்பித்தமையாலேயே நாட்டுக்கூத்துப் பிரதிகள் ஆய்வுக்குரியனவாயின. அவ்வாறு அச்சேறாத கூத்துக் கொப்பிகள் எத்தனையோ.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆனந்த குமாரசுவாமியின் சேகரம் முதலாய தனிச் சேகரங்களும் அவற்றோடு சாம்பராயின. அவ்வழிவை ஆண்டுதோறும் மேடைகளில் நினைவுகூர்வோர், தத்தம் ஊர்களில் எஞ்சியுள்ளவற்றைத் தேடிச் சேர்க்க எத்துணை முயன்றனர்? தீ வைத்தவனைச் சபிப்பது நியாயமே; கறையானைச் சபிப்பாரைக் காணோம்.

எல்லாம் இணையத்தில் ஏறிவிடும் என்பர் சிலர். 2005 முதல் ‘நூலகம்’ திட்டத்தினர் ஆற்றிவரும் எண்ணிமப் பணி போற்றற்குரியது. ஆயினும் படம்பிடிப்பதற்குத் தாள் முதலில் எஞ்சியிருத்தல் வேண்டும். படம் எடுத்த பின்னரும், கொப்பியின் ஓரத்தில் அண்ணாவியார் பென்சிலால் இட்ட தாளக் குறி மங்கலாகத் தோன்றின் மூலத்தையே நாடவேண்டும்.

பல்கலைக்கழக நூலகங்கள் இத்தகைய தாள்களுக்கென ஓர் அறையையும் ஒரு நூலகரையும் ஒதுக்குவது பெருஞ் செலவன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அண்ணாவியார் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவரலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அடுப்புக்குப் போவன அக்கொப்பிகளே.