மேய்ப்பர்கள் போட்ட பாதை

ஐரோப்பாவில் மலை என்றதும் ஆல்ப்ஸ்தான் நினைவுக்கு வரும். ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள். அஸ்டூரியஸ், காந்தாப்ரியா, லியோன் ஆகிய மூன்று பகுதிகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது பிக்கோஸ் டி யூரோப்பா. 'ஐரோப்பாவின் சிகரங்கள்' என்று அர்த்தம். அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த மாலுமிகளின் கண்ணில் முதலில் பட்ட ஐரோப்பிய மண் இதுதான், அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பூகோளம் அதற்கு இடம் கொடுக்கிறது. கடற்கரையிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர்தான். அந்தச் சிறிய தூரத்துக்குள் நிலம் 2,600 மீட்டருக்கு மேல் எழும்பிவிடுகிறது.

மிக உயரமான டோரே டி செரெடோ சிகரம் சுமார் 2,650 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் தொட்டபெட்டாவின் உச்சிக்கு பஸ்ஸில் போய் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். செரெடோவுக்கு அப்படிப் போக முடியாது. கடைசிக் கட்டத்தில் கையும் காலும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். இந்த மலையின் சவாலே வேறு. இங்கே நடப்பவர்களை உயரத்தைவிட அதிகம் வாட்டுவது தாகமும் மூடுபனியும்.

காரணம் பாறை. பிக்கோஸ் முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் கடல் இருப்பதால் மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. ஆனால் விழுகிற நீர் மேலே தங்குவதில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறும் மழைநீர், சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களை அரித்து, ஓட்டைகளாக்கி, உள்ளே இறங்கிவிடுகிறது. மேலே மிஞ்சுவது கத்தி முனை போன்ற பாறை விளிம்புகளும், வெளியேற வழியில்லாத கிண்ணப் பள்ளங்களும், இருண்ட குழிகளும்தான். அந்தக் குழிகளில் ஒன்றான டோர்கா டெல் செரோ 1,589 மீட்டர் ஆழம் கொண்டது. சிகரங்களைப் போலவே மலைக்கு உள்ளேயும் பாதாளச் சிகரங்கள் இருக்கின்றன என்று சொல்லலாம்.

ஆக, சுற்றிலும் பசுமை, உச்சியில் வறட்சி. மழைக்குப் பேர்போன சிரபுஞ்சியில் கோடைக்காலத்தில் பெண்கள் குடத்தோடு நீர் தேடி நடப்பதைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த முரண் புதிதல்ல. பிக்கோஸில் ஒரு நாள் நடக்கக் கிளம்புபவர் அன்றைய நீர் முழுவதையும் முதுகில் சுமந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, காந்தாப்ரியக் கடலிலிருந்து ஈரக் காற்று ஏறிவரும்போது அரை மணி நேரத்தில் எல்லாம் வெள்ளையாகிவிடும். ஓடை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கலாம் என்பது மலையேறிகளின் பழைய பாடம். இங்கே அது பலிக்காது. ஓடையே இல்லை. பள்ளத்தை நோக்கி இறங்கினால் கிண்ணத்தின் அடியில்தான் போய் நிற்க வேண்டும்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? கல்மேல் கல் அடுக்கிவைத்த சிறு குவியல்களை. பாறைச் சரிவில் ஆட்டுக் கால்கள் தேய்த்த மங்கலான தடங்களை. எந்தக் கணவாயில் ஊற்று உண்டு, எந்த இடுக்கின் வழியாக மந்தை கடக்கும், எந்தப் பனித்திட்டுக்கு அடியில் குழி ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் பல தலைமுறைகளாக அறிந்தவர்கள் மேய்ப்பர்கள். கோடையில் மந்தைகளோடு மேலே ஏறி, கற்குடிசைகளில் தங்கி, பாலைக் காய்ச்சி, குளிருக்கு முன் கீழே இறங்குவது அவர்களுடைய வருடக் கணக்கு. இன்று வரைபடத்தில் கோடாக இருக்கும் பல பாதைகள் அவர்களுடைய அன்றாட வழிகள்தான்.

இந்த உண்மையை ஒரே நாளில் எடுத்துக்காட்டிய சம்பவம் 1904-ல் நடந்தது. பிக்கோஸின் அடையாளமான நாரன்ஹோ டி புல்னெஸ் 2,519 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறைத் தூண். மாலை வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உள்ளூர்க்காரர்கள் அதை உரியெல்லு என்பார்கள். மற்ற சிகரங்கள் ஒவ்வொன்றாக அடிபணிந்த பிறகும் அது மட்டும் வளைந்து கொடுக்கவில்லை. வில்லவிசியோசா பிரபுவான பெத்ரோ பிதாலுக்கு ஒரு கவலை. தன் ஊர் மலையில் அந்நிய நாட்டுக்காரன் முதலில் கொடி நாட்டிவிட்டால் என்ன ஆவது? அவர் பணக்காரர், அரசியல்வாதி, வேட்டைக்காரர். ஆனால் வழி தெரிந்த ஆள் வேண்டுமே. கைன் என்ற கிராமத்தின் மேய்ப்பர் கிரிகோரியோ பெரெஸைத் துணைக்கு அழைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி இருவரும் வடக்கு முகம் வழியாக உச்சியைத் தொட்டார்கள். கிரிகோரியோ வெறுங்காலோடு ஏறினார் என்று சொல்லப்படுகிறது. பிரபுவுக்கு முன்னால் போய்ப் பாறையில் பிடி தேடியவர் அவர்தான்.

பிதால் அத்தோடு நிற்கவில்லை. அவருடைய முயற்சியால் 1916-ல் ஸ்பெயினில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1918 ஜூலையில் பிக்கோஸின் மேற்குப் பகுதி கோவதோங்கா மலைத் தேசியப் பூங்கா ஆயிற்று. நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. 1995-ல் எல்லை விரிந்து மூன்று மலைத்தொகுதிகளும் அதற்குள் வந்தன. மற்ற பல பூங்காக்களைப் போல மனிதர்களை வெளியேற்றிவிட்டு வேலி போட்ட இடம் இல்லை இது. எல்லைக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றன. கிரிகோரியோவின் கைனும் அவற்றில் ஒன்று.

பூங்கா வந்தது, கூட்டமும் வந்தது. கைனிலிருந்து போன்செபோஸ் வரை கரேஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் செல்லும் சுமார் 12 கிலோ மீட்டர் பாதையில் கோடைக்காலத்தில் திருவிழா நெரிசல். நீர்மின் நிலையத்தின் கால்வாயைப் பராமரிப்பதற்காகத் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்து போட்ட வழி அது. இன்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு அந்த ஞாபகம் வர நியாயமில்லை. தெற்கே ஃபுயென்டே டே என்ற இடத்தில் 1966 முதல் கேபிள் கார் ஓடுகிறது. சுமார் 750 மீட்டர் உயரத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். சாலையே இல்லாத புல்னெஸ் கிராமத்துக்கு 2001-ல் மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் உப்பு வாங்கவும் நடந்துதான் இறங்கினார்கள். அவர்களுக்கு ரயில் வேண்டாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது எளிது.

சிகரம் ஏறும் பயணிக்குக் குறை ஒன்றுமில்லை. தங்குவதற்கு நாரன்ஹோவின் அடிவாரத்திலேயே விடுதி உண்டு. வழிகாட்டிகள் உண்டு. குறைந்துவருவது வேறொன்று. மேலே மந்தையோடு தங்கும் மேய்ப்பர்கள். ஒரு காலத்தில் கோடை முழுக்கப் புகை எழுந்த மேய்ச்சல் குடியிருப்புகளில் பல இன்று கூரை சரிந்து கிடக்கின்றன. படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாத குடிசையில் கிடந்து அதிகாலையில் பால் கறக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் தயாரித்த பொருளுக்கு மட்டும் மவுசு ஏறிக்கொண்டே போகிறது. கப்ராலெஸ் என்ற நீலப் பூஞ்சணப் பாலாடைக்கட்டி இந்த மலையின் குழந்தை. பசும்பாலில் வெள்ளாட்டுப் பாலும் செம்மறிப் பாலும் சேர்வதுண்டு. சுண்ணாம்புக் குகைகளின் குளிரிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவார்கள். சிகரத்தில் நீரைத் தங்கவிடாத அதே பாறை, தன் வயிற்றுக்குள் பாலைப் பக்குவப்படுத்தித் தருகிறது. 2023-ல் நடந்த வருடாந்திரப் போட்டியில் பரிசு பெற்ற ஒரே ஒரு கட்டி 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. கட்டிக்கு விலை உண்டு. கட்டியின் பின்னால் இருக்கும் உழைப்புக்கு வாரிசு இல்லை.

நடுவில் ஓநாய் வேறு. 2021-ல் ஸ்பெயின் முழுவதும் ஓநாய் வேட்டைக்குத் தடை வந்தபோது சூழலியலாளர்கள் மகிழ்ந்தார்கள், மேய்ப்பர்கள் கொதித்தார்கள். 2025 மார்ச்சில் நாட்டின் வடபகுதியில் அந்தப் பாதுகாப்பு தளர்த்தப்பட்டபோது காட்சி தலைகீழானது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓநாய் இல்லாத மலை பாதி மலைதான். ஆனால் இழந்த ஆட்டுக்கு நஷ்ட ஈடு கேட்டு அலுவலகப் படி ஏறி இறங்கும் மேய்ப்பர் அடுத்த வருடம் மந்தையையே விற்றுவிடுகிறார்.

அவர் விற்றுவிட்டால் யாருக்கு நஷ்டம்? பதில் 2025 ஆகஸ்டில் கொஞ்சம் தெரிந்தது. லியோன் பகுதியில் மூண்ட காட்டுத்தீ பூங்காவுக்குள்ளும் நுழைந்தது. பள்ளத்தாக்கு கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கரேஸ் பாதை மூடப்பட்டது. அனல் காற்றும் வறட்சியும் முக்கியக் காரணங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மந்தை மேயாத இடத்தில் புதர் மண்டும், புதர் காய்ந்தால் விறகு. இதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தியாவுக்கும் இந்த விவாதம் பழக்கமானதே. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு 1982-ல் தேசியப் பூங்கா ஆனதும் அங்கே ஆடு மேய்ப்பது நின்றது. அதற்குப் பிறகு பாலிகோனம் என்ற முரட்டுச் செடி பரவி மற்ற பூக்களை நெருக்குகிறது என்று ஒரு சாராரும், மேய்ச்சலை நிறுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்னொரு சாராரும் நெடுங்காலம் வாதாடினார்கள். யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மேய்ப்பவரை மலையின் எதிரி என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது அவசரம் என்பதாவது அதில் தெளிவானது.

பிக்கோஸில் மேய்ப்பரை யாரும் துரத்தவில்லை. மதிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள், சுற்றுலாப் பிரசுரங்களில் படம் போடுகிறார்கள். ஆனால் படத்தில் இருப்பவர் கறவைக்கு வரமாட்டார். கோடை முழுவதும் மலைமேல் தங்குபவருக்குக் கௌரவமான வருமானம், ஓநாய் கொன்ற ஆட்டுக்குத் தாமதமில்லாத ஈடு, குடிசையைச் செப்பனிட உதவி இவையெல்லாம் கேபிள் கார் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகையாக இருக்கப்போவதில்லை. சிகரத்தில் கால் வைக்க வருபவர்கள் செலுத்தும் பணத்தில் ஒரு பங்கு, அந்தச் சிகரத்துக்கு வழி வைத்திருப்பவர்களுக்குப் போவதுதான் முறை.

கல் குவியல்கள் தாமாக நிற்பதில்லை. பனியில் சரிந்தால் யாராவது எடுத்து அடுக்க வேண்டும். அதைச் செய்யும் கைகள் மலையை விட்டு இறங்கிவிட்டால், ஓடையில்லாத அந்தப் பாறைக் காட்டில் மூடுபனி வரும்போது, விலை உயர்ந்த காலணி மட்டும் வழி சொல்லிவிடாது.