மலேசியாவில் எத்தனை எழுத்துகள்?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பித்தபோது நிகழ்ந்த ஒன்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒரு சொல்லை இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரிக்கும் சிறு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினோம். ஆங்கிலச் சொற்களைக் குறையின்றிப் பிரித்தது. பின்னர் ஒரு மாணவி ‘மலேசியா’ என்று தட்டினாள். ‘மலே’, ‘சியா’ என இரு துண்டுகள் வந்திருக்க வேண்டும். வந்தவையோ நான்கு! முதல் துண்டு ‘மல’. இரண்டாவதன் தொடக்கத்தில் ஓர் இரட்டைக்கொம்பு தனித்து நின்றது. இறுதித் துண்டில் வெறும் துணைக்கால் மட்டுமே.

“ஐயா, மலேசியாவில் ஏழு எழுத்துகளா?” என்று கேட்டாள்.

ஒருங்குறியில் அகரமேறிய மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. ‘லே’ என்பது லகரமும் கொம்புமாக இரண்டு. கொம்பை நாம் இடப்புறம் எழுதினாலும் கணினி அதனை லகரத்திற்குப் பின்னரே சேமிக்கிறது. பைத்தான் இக்குறியெண்களையே எண்ணுகிறது. ஆகவே, ‘மலேசியா’ ஏழு, ‘தமிழ்’ ஐந்து.

“தமிழில் சரியாக வராது, ஆங்கிலத்திலேயே செய்யுங்கள்” என்று சொல்லிவிடுவது எளிது. நானும் அவ்வாறு சொல்ல வாயெடுத்தேன். ஆனால், ‘தமிழ்’ மூன்றெழுத்து என முதலாம் ஆண்டிலேயே கற்பித்தவர்கள் நாம். கணினி ஐந்து என்றதும் நாம் ஒதுங்கிக்கொண்டால், பிள்ளை யாரை நம்பும்? தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றுகிறது.

தீர்வு கடினமானதன்று. குறியெண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்க்க வேண்டும். பிற வந்தால் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் எழுத்துப் பட்டியலை இரண்டிரண்டாகப் பிரித்தால் ‘மலே’, ‘சியா’ கிடைத்துவிடும். ‘ஓப்பன் தமிழ்’ என்னும் இலவச நிரலகத்திலும் எழுத்துகளைப் பிரிக்கும் வசதி உண்டு. எனினும், மாணவர்கள் ஒருமுறையேனும் தாமே எழுதிப் பார்த்தல் நன்று. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தை அன்று என் மாணவர்கள் நிரலாகவே எழுதினர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நிரலாக்கம் பயில்கிறதா? தன் பெயரைத் தமிழில் தட்டச் சொல்லுங்கள். எழுத்துகளை விரல்விட்டு எண்ணித் திரையில் தோன்றும் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எண்கள் மாறுபட்டால், விரல்களின் பக்கம் நில்லுங்கள்.