தோட்டமில்லாத தோட்டங்கள்

கொழும்பு மாநகரில் ‘தோட்டம்’ என்னுஞ் சொல் இருவேறு உலகங்களைச் சுட்டி நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் கறுவாச் செய்கைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்திலே பின்னாளில் செல்வர்தம் மாளிகைகளும் புல்வெளிகளும் எழுந்தன. அதற்குக் கறுவாத்தோட்டம் என்பது பெயர். வாய்க்கால் ஓரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும், ஒரு குழாயையும் ஒரு மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்து வாழ நேர்ந்த நெருக்கமான குடியிருப்புகளுக்கும் மக்கள் வழக்கில் தோட்டம் என்பதே பெயர். சிங்களத்தில் ‘வத்த’ என்பர். முன்னையதில் கறுவா இல்லை, நிலம் உண்டு. பின்னையதில் நிலமும் இல்லை. உணவு நெருக்கடி தோன்றும் போதெல்லாம் ‘வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்’ என்ற உபதேசம் இவ்விரு தோட்டத்தார்க்கும் ஒரே குரலில் ஓதப்படுகின்றது. அவ்வுபதேசத்தில் மெய் எது, பொய் எது என்று பிரித்தறிவது இன்றியமையாதது.

உபதேசம் புதியதன்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது இலங்கையில் பங்கீடு வந்தது. கூடுதலாகப் பயிரிடுமாறு மக்கள் வேண்டப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் உயர்ந்தபோது அதே வேண்டுகோள் மீண்டும் ஒலித்தது. 2011இல் ‘திவிநெகும’ என்றும், 2020இல் ‘சௌபாக்கியா’ என்றும் பெயர் சூட்டப்பட்ட திட்டங்கள் பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்களைப் பற்றிப் பேசின. 2022 யூன் மாதத்தில் அமைச்சரவை ஒருபடி மேலே சென்றது. எரிபொருள் தட்டுப்பாட்டையும் உணவுத் தட்டுப்பாட்டையும் காரணங்காட்டி, வீடுகளிற் பயிரிடுவதற்காக அரச ஊழியர்க்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அது அனுமதியளித்தது.

இவ்விடுமுறை யாருக்கு உரியது என்று வினவுதல் தகும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வெள்ளிக்கிழமை உணவு இல்லை என்பதேயாம். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், கடைச் சிப்பந்திக்கும், முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் அமைச்சரவை அனுமதியால் ஒரு நாழிகையும் கிடைக்கவில்லை. ஓரளவேனும் வளவும் சம்பளமும் உள்ளவர்க்கு நேரமும் வழங்கப்பட்டது. நிலமும் நேரமும் அற்றவர்க்கு அறிவுரை மாத்திரம் எஞ்சியது.

அக்காலத்துப் பசியை விளைத்தவை எவை? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து அரசாங்கம் வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. அப்போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. ரூபாவின் பெறுமதி சரிந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. கொள்கை வகுத்தோரின் பிழையால் விளைந்த பசிக்கு, பசித்தவன் வீட்டு வாசலில் மிளகாய்க் கன்று இல்லாமை காரணமாகக் காட்டப்பட்டது. உபதேசத்தின் முதற் பொய் இதுவே. அது பொறுப்பை மேலிருந்து கீழே இறக்கிவைக்கின்றது.

இரண்டாவது பொய் எளிய கணக்கொன்றினால் வெளிப்படும். நன்கு பராமரிக்கப்பட்ட வயலிலே ஒரு ஹெக்டேயருக்கு ஒரு போகத்தில் 4000 முதல் 5000 கிலோ நெல் விளைகின்றது. அதாவது ஒரு சதுர மீற்றருக்குக் கிடைப்பது அரைக் கிலோவுக்கு மேற்படாது. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு உண்ணும் அரிசியோ 100 கிலோவுக்குக் குறையாது; அதற்கு ஏறத்தாழ 150 கிலோ நெல் வேண்டும். ஒருவர்க்கு மட்டும், இரு போகமும் விளைந்தாலுங்கூட, 150 சதுர மீற்றருக்குக் குறையாத வயல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். தொடர்மாடி வீட்டின் பல்கனி இரண்டு அல்லது மூன்று சதுர மீற்றர். சாடிகளில் வளர்ப்பதால் வயிறு நிறையும் என்று கூறுவோர் கணக்கறியாதவர். அன்றேல் கேட்போர் கணக்கறியார் என்று எண்ணுபவர்.

பசிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை இந்நாடு 1973, 1974ஆம் ஆண்டுகளிலே கொடிதாகக் கண்டது. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டபோது கிராமத்தவர்க்கு ஒரு பலாமரமேனும் ஒரு துண்டு மரவள்ளியேனும் இருந்தது. மலையகத்து லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளர்க்குத் தாம் நின்ற நிலத்தின் மீது எவ்வுரிமையும் இருக்கவில்லை. தோட்டப்பகுதிகளில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித்தந்த நிலத்தில் வாழ்ந்தோர் கீரைப்பாத்திக்கு உரிய நிலமின்றி மடிந்தனர். ‘பயிரிடுங்கள்’ என்னும் வாசகம் நிலமற்றவன் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வளவில் நின்றுவிட்டால் மறுபுறத்தார் மகிழ்வர். பல்கலைக்கழக வட்டாரங்களிலே வீட்டுத்தோட்டம் என்றதும் நகைப்போர் பலர். அது மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்பர். அமைப்பை மாற்றாது சாடியை மாற்றும் முயற்சி என்பர். மக்களின் சினத்தைக் கீரைப்பாத்தியிற் புதைக்கும் தந்திரம் என்பர். இக்கூற்றுகளிற் பாதி உண்மை உண்டு. ஆயினும் அப்பாதியைக் கொண்டு முழுமையையும் தள்ளிவிடுவது உபதேசகரின் பிழைக்கு நிகரான பிழையே. வறியவர் குடியிருப்புகளுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர் இவ்வாறு நகையார். கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய், வல்லாரை ஆகியன பால்மாத் தகரங்களிலும் உடைந்த வாளிகளிலும் வாசற்படி ஓரங்களில் நிற்பதை அங்கு காணலாம். எந்த அமைச்சின் சுற்றுநிருபமும் அவற்றை நடவில்லை. அங்கு வாழும் பெண்களே நட்டனர். சமைக்கும் நேரத்துக்கும் வேலைக்குச் செல்லும் நேரத்துக்கும் இடையே நீரூற்றினர். சித்தாந்தத்தின் பெயரால் அவ்வுழைப்பை எள்ளுவது மக்கள் சார்பான நிலைப்பாடு ஆகாது.

சாடி சோறு தராது. ஆயின் சோற்றோடு உண்ண வேண்டியதைத் தரும். நெருக்கடியின்போது வறியவர் உணவிலிருந்து முதலில் மறைவன மீனும் முட்டையும் மரக்கறியும் கீரையுமே. எஞ்சுவது வெறுஞ்சோறும் சம்பலும். வயிறு நிறைந்தும் குருதி வெளிறும் நிலை இதனால் உண்டாகின்றது. இரும்புச்சத்தும் உயிர்ச்சத்து ஏயும் இலைக்கறிகளில் உண்டு. கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் கிழமையில் மூன்று நாள் ஒரு பிடி கீரை கிடைப்பதும் கிடையாமையும் சிறு வேறுபாடு அன்று. சந்தையில் வாங்கிய கங்குன், பொன்னாங்காணிக் கட்டுகளின் இலைகளைக் கறிக்கு எடுத்தபின், கணுக்களோடு கூடிய தண்டுகளை ஈரமண்ணில் ஊன்றினால் ஓரிரு மாதத்தில் மீண்டும் கொய்யலாம். விதைக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு சாண் ஆழத்துக்கும் குறைந்த மண் போதும். இத்தகைய அறிவைப் பெற மக்களுக்கு உரிமை உண்டு.

உபதேசகர் தரும் துண்டுப்பிரசுரங்களிலோ இவ்வறிவு அருகியே காணப்படும். அவை வளவுள்ள வீட்டையே மனத்திற் கொண்டு எழுதப்படுபவை. நகரத்து ஒடுங்கிய வீட்டுக்காரர் கேட்கவேண்டிய முதல் வினா வெயில் பற்றியது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியால நேர்வெயில் வேண்டும். இரு மாடிகளுக்கு இடைப்பட்ட முடுக்கிலே அது கிட்டாது. அங்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது, பாரம் பற்றியது. ஈரமண் ஒரு கன மீற்றர் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. 20 சென்ரிமீற்றர் ஆழமான பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோ கனக்கும். பழைய தொடர்மாடியின் பல்கனியில் அதனை ஏற்றுவது ஆபத்து; மண்ணோடு தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்தால் பாரம் குறையும். மூன்றாவது, மண் பற்றியது. 2002 வரை இந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. நெடுங்காலம் வாகனப் புகைபடிந்த வீதியோர மண்ணில் அவ்வீயம் எளிதில் நீங்காது. அம்மண்ணை அள்ளிச் சாடி நிரப்பலாகாது. நான்காவது, நுளம்பு பற்றியது. சாடியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்காரரே குற்றவாளியாவார். பயிரிடு என்று ஓர் அலுவலகம் கூற, பயிரிட்ட சாடிக்காக இன்னோர் அலுவலகம் வழக்கிடும் நிலை வறியவர்க்கே நேரும்.

ஐந்தாவது வினா எல்லாவற்றிலும் பெரிது. நட்ட செடி காய்க்கும்வரை அவ்விடத்தில் இருக்கலாமா? 2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பின் குடியிருப்புகளில் வாழும் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றத் திட்டமிட்டது. நிலம் விடுவிக்கப்பட்டது; மக்கள் ஏறத்தாழ 400, 500 சதுர அடி வீடுகளுக்கு ஏற்றப்பட்டனர். வாசற்படியும் தகரமும் கறிவேப்பிலையும் கீழே தங்கிவிட்டன. ஒரு கையால் மக்களை மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து, மறுகையால் அவர்களிடம் விதைப் பொதியை நீட்டும் அரசு எதனை எதிர்பார்க்கின்றது?

பிற நாடுகளின் அனுபவம் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கியூபாவுக்கு எண்ணெயும் பசளையும் உணவும் வருவது அருகியது. ஹவானா நகரில் வெற்று நிலங்கள் காய்கறித் தோட்டங்களாயின. அங்கு அரசு உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. தரிசு நிலத்தை வாடகையின்றிப் பயன்படுத்தும் உரிமையை வழங்கியது. விதையும் ஆலோசகரும் விற்பனை நிலையமும் ஏற்படுத்தியது. முதலாளித்துவ இங்கிலாந்திலும், 1908ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்குப் பயிர்த்துண்டு வழங்கும் கடமையை உள்ளூராட்சி சபைகள்மீது சுமத்தியது. வாக்காளர் அறுவர் கூடிக் கேட்டால் சபை அதனை ஆராய்ந்தாக வேண்டும். இரு வேறுபட்ட அமைப்புகளும் ஓர் உண்மையை ஏற்றன: நகரத்தான் பயிரிட வேண்டுமாயின் முதலில் அவனுக்கு நிலம் வேண்டும்.

கொழும்பில் மண்ணுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு வேதனையான சான்று ஒன்று உண்டு. இந்நாட்டு மாநகரக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய பொருள். மரக்கறிக் கழிவும் சோறும் இலையும் உக்கிக் கூட்டெருவாகியிருக்க வேண்டியவை; அவையே ஏனைக் குப்பையோடு குவிந்து மீதொட்டமுல்லவில் மலையாயின. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டோர் அதன் அடிவாரத்தில் வாழ்ந்த வறியவர்களே. அவர்கள் சாடியை நிரப்பியிருக்க வேண்டிய மண் அவர்களையே மூடியது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மாநகரசபை தன் வெற்று நிலங்களைக் கணக்கெடுத்து, தரிசாய்க் கிடப்பவற்றைக் குறைந்தது ஐந்தாண்டு எழுத்துரிமையோடு அயலில் வாழ்வோர்க்குப் பங்கிடுதல் வேண்டும். சந்தைக் கழிவைத் தரம்பிரித்துக் கூட்டெருவாக்கி இலவசமாக வழங்குதல் வேண்டும். இனிக் கட்டும் தொடர்மாடிகளின் மேற்றளம் பாத்தியின் பாரத்தைத் தாங்குமாறும், அங்கு குழாய்நீர் ஏறுமாறும் அமைத்தல் வேண்டும். விவசாயத் திணைக்களம் வளவற்ற வீட்டுக்கென இரு மொழிகளிலும் கைநூல் ஆக்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியை வேண்டி நிற்பதன்று. ஆயினும் இவற்றைப் பெறுவதற்கு மக்கள் அணிதிரள்வதன்றி வேறு வழியில்லை.

கற்றோர்க்கும் இதில் இடமுண்டு. புவியியல் பயில்வோர் வெற்று நிலங்களின் படத்தை வரையலாம். பொருளியல் பயில்வோர் ஒரு சாடியின் வரவுசெலவைக் கணக்கிடலாம். தமிழ் பயில்வோர் கைநூலை மக்கள் மொழியில் எழுதலாம். நகைத்தலும் உபதேசித்தலும் எளியன. நிலத்தைக் கேட்டுப் போராடுவோர் பக்கத்தில் நின்று, கிடைத்த நிலத்தில் எது விளையும் என்பதையும் கற்றுக்கொள்வதே அரியது. தோட்டம் என்று பெயர்பெற்ற குடியிருப்புகளில் என்றேனும் ஒருநாள் தோட்டம் உண்டாக வேண்டுமாயின், அது ஏழைகள்மீது சுமத்தப்பட்ட கடமையாக அன்றி அவர்கள் வென்றெடுத்த உரிமையாகவே உண்டாதல் வேண்டும்.