எண்ணிக்கை எடுங்க, எங்கட பேரை விடுங்க

நூலகங்களைக் கணினிக்கு மாத்தணும் எண்டு எல்லாரும் சொல்றாங்க. நாங்களும்தான் சொல்றம். எந்தப் புத்தகம் எத்தனை தரம் போகுது, எந்த இராக்கை தூசி பிடிக்குது, சோதனைக் காலத்தில எத்தனை பேர் கதிரையில்லாம நிக்கிறாங்க எண்டு தெரியாத பிரதேச சபை எதைக் காட்டிப் புத்தகம் வாங்கக் காசு கேட்கும்? கணக்கு வேணும். ஆனா, யார் எதை வாசிச்சாங்க எண்ட பட்டியல் வேணாம்.

பழைய அட்டை முறையை நினைச்சுப் பாருங்க. புத்தகத்தின் அட்டை எங்கட உறுப்பினர் அட்டைக்குள்ள செருகப்பட்டு நூலகத்தில இருக்கும். புத்தகம் திரும்பினதும் இரண்டும் பிரியும். யார் எதை வாசிச்சார் என்ற தடயம் அதோட போயிரும். கணினி அப்படியில்ல. நாம அழிக்கச் சொல்லாட்டி எல்லாத்தையும் வச்சிருக்கும்.

'வாசிக்கிறதில ஒளிக்க என்ன இருக்கு?' என்று கேட்பவர்கள் அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட்டார்கள். 'நவரசம்' கவிதைத் தொகுப்பை எழுதிய அந்த இளம் ஆசிரியர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். கவிதையில தீவிரவாதம் இருக்காம் எண்டு சந்தேகம். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எழுதினவருக்கே இந்தக் கதி எண்டா, அப்படியொரு புத்தகத்தை இரவல் எடுத்தவங்கட பட்டியல் யார் கைக்குப் போகும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கே எண்டு ஆறுதல் சொல்லாதீங்க. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வரட்டும். அதுவரைக்கும் இல்லாத பட்டியலை யாரும் கேட்டு வாங்க ஏலாது.

பெயரை மட்டும் நீக்கினாலும் காணாது. இறக்கக்கண்டி மாதிரி ஊரில 'இருபது வயதுப் பெண், மனநலப் புத்தகம், ஜூன் மாதம்' எண்டு அறிக்கையில போட்டா, ஆள் யார் எண்டு பாலத்தடி வரைக்கும் தெரிஞ்சிரும்.

நாங்க கேட்கிறது இரண்டுதான். புத்தகம் கையில இருக்கும்வரை பெயர் இருக்கட்டும். திரும்பி வந்து, கிழியல் இல்லையெண்டு பார்த்ததும் ஆளையும் நூலையும் இணைக்கிற பதிவை அழிக்கணும். இலவசமாகக் கிடைக்கிற கோஹா மென்பொருளிலேயே இதுக்கு வசதி இருக்கு. அடுத்தது, ஐந்து பேருக்குக் குறைந்த எண்ணிக்கையை அறிக்கையில தனியாகக் காட்டாம பெரிய பிரிவோட சேர்க்கணும்.

இதுக்குப் பெரிய செலவில்ல. கணினி வாங்கிற ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முன்னம் இந்த இரண்டையும் அதில எழுதுங்க.