இரத்த அழுத்தத்திற்கும் ஒரு பேரேடு வேண்டும்

காரைக்குடி வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும் நாம், ரொக்கப் புத்தகத்தில் ஒரு நாள் இருப்பை மட்டும் பார்த்து, சங்கம் நன்னிலையில் உள்ளதென எழுதிவிடுவதில்லை. பல மாத வரவு செலவைக் கண்ட பின்னரே முடிவுக்கு வருகிறோம். உடலின் கணக்கையோ நம்மிற் பலர் ஒரு முறையேனும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கண்டாங்கிச் சேலை நெய்வதில் கைதேர்ந்த முதியவர் ஒருவரை நாம் அறிவோம். இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று கேள்வியுற்ற அன்றே அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் பக்கவாதம் கண்டது, வலக்கை செயலற்றது, தறியும் நின்றது. மாத்திரை நோயைத் தீர்த்துவிட்டதென அவர் எண்ணினார். உண்மையில் அது நோயை அடக்கி வைத்திருந்தது, அவ்வளவே.

அளவுக் கருவி இரண்டு எண்களைத் தருகிறது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுகையில் குழாய்ச் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்திருக்கையில் உள்ளது கீழ் எண். 120க்கு 80 என்பதற்குக் கீழ் இருத்தல் நன்று. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140ஐயோ, கீழ் எண் 90ஐயோ எட்டுமாயின் மருத்துவரை நாட வேண்டும். இரண்டில் ஒன்று மிகினும் மிகுதியே. தலைவலியோ மயக்கமோ இல்லையே என்று வாளாவிருத்தல் தவறு. இந்நோய் பெரும்பாலும் குறி காட்டாமலே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

அளக்கும் முறையும் செவ்வையாக இருத்தல் வேண்டும். தறியை மிதித்துவிட்டோ, வயலிலிருந்து விரைந்து வந்தோ உடனே அளந்தால் எண் மெய் சொல்லாது. காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றை அரை மணி நேரம் முன்னரே தவிர்த்து, முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாதிருந்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும்.

உணவில் முதற்கண் கவனிக்கத்தக்கது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் இக்கணக்கிற் சேர்க்க வேண்டும். புகையிலையையும் மதுவையும் விலக்குதலும், நாள்தோறும் நடத்தலும் துணை செய்யும். உட்கார்ந்தே நெய்பவர்க்கு நடை இன்றியமையாதது.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், அழுத்தம் பார்ப்பதும் மாத்திரை தருவதும் வீட்டு வாயிலுக்கே வந்துள்ளன. ஆனால் வேலை நேரத்தில் வருபவரை “பிறகு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவோர் நம்மிடையே உளர்.

ஆதலின் நமது யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் ஓர் அளவுக் கருவியை வாங்கி வைக்கட்டும். கூலிப் பட்டுவாடா நாளில், முறை தெரிந்த ஒருவரைக் கொண்டு அங்கத்தினர்க்கு அளந்து, அவரவர் கையேட்டில் தேதியுடன் குறித்துத் தரட்டும். நூல் கொடுத்துச் சேலை வாங்குவதே சங்கத்தின் வேலை எனச் சிலர் கூறலாம். சமுதாய நலனில் அக்கறை கொள்வதைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு ஏற்றதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். நெசவாளியின் கையும் விவசாயியின் காலும் ஓய்ந்துவிடின், சங்கத்தின் பேரேட்டில் எழுதுவதற்கு யாது எஞ்சும்?

அதுவரை அங்கத்தினர்க்கு நாம் சொல்வது ஒன்றே. எண் சரியாயிருப்பினும், மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தற்க.